பழைய பேரா, புதுப் பேரா? வேலூர்ப் பக்கம் பிள்ளைக்குப் பேர் வைப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிள்ளைக்குப் பேர் தேடும் வீட்டில் இரண்டு கட்சி தானாக உருவாகிவிடும். தாத்தா பேரையோ குலசாமி பேரையோ வைத்தே ஆக வேண்டும் என்பார்கள் பெரியவர்கள். அந்தப் பேரை வைத்தால் பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள் என்பார்கள் இளையவர்கள். இரு தரப்பும் காதில் விழும் ஓசையை மட்டும் வைத்துச் சண்டை போடுவதால் வாரக்கணக்கில் முடிவு வராது. ஒரு பேர் எழுபது வருடம் உழைக்க வேண்டும். கூப்பிட வர வேண்டும், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத வர வேண்டும், பொருள் கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும், ஆதாரிலும் மதிப்பெண் பட்டியலிலும் பாஸ்போர்ட்டிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இதையெல்லாம் தாங்குகிற பேர் பழையதாக இருந்தாலும் சரி, புதியதாக இருந்தாலும் சரி, நல்ல பேர்தான்.

எங்கள் சாய்வை இங்கேயே சொல்லிவிடுகிறோம். இன்றைய பெற்றோர் விரும்பும் சின்னஞ்சிறு பேர்கள் நம் ஊர்ச் சாமிகளின் பேருக்குள்ளேயே நிறைய இருக்கின்றன. இணையப் பட்டியலைத் திறப்பதற்கு முன் அவற்றை ஒரு சுற்றுப் பார்த்துவிடுவது நல்லது.

பழசு என்றால் எது

பழைய பேர்கள் எல்லாம் ஒரே வகை கிடையாது. இந்தப் பக்கத்தில் குறைந்தது நான்கு வகை புழங்குகின்றன. நான்கையும் ஒன்றாகத் தூக்கிப் பிடிப்பதும் தவறு, ஒன்றாக ஒதுக்குவதும் தவறு.

முதல் வகை ஊரோடும் கோயிலோடும் ஒட்டியது. விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரரால் வந்தது மார்க்கபந்து. திருப்பதி கூப்பிடு தூரம் என்பதால் வீட்டுக்கு வீடு ஏழுமலை, கோவிந்தசாமி, வெங்கடேசன், அலமேலு. திருவண்ணாமலையால் அண்ணாமலை, அருணாசலம். படவேட்டு அம்மனால் ரேணுகா, குடியாத்தம் கெங்கையம்மனால் கங்கம்மா, ரத்தினகிரியால் பாலமுருகன், வள்ளிமலையால் வள்ளியம்மாள். பழைய வட ஆற்காடு 1989-இல் இரண்டாகப் பிரிந்தது. மிஞ்சிய வேலூர் மாவட்டமும் 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. ஆனாலும் இந்தப் பேர்கள் எல்லை பார்க்காமல் எல்லா ஊரிலும் கிடக்கின்றன. வெளியூரில் ஒருவர் மார்க்கபந்து என்று சொன்னால், விவரம் தெரிந்தவர் உடனே வேலூர்ப் பக்கமா என்று கேட்பார். அப்படி ஊரைக் கூடவே கொண்டுபோகும் பேரை அலட்சியமாக விட்டுவிட வேண்டாம்.

இரண்டாம் வகை காப்புக்காக வைத்த பேர். முன்பு பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்த பிள்ளையைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பன், குப்பம்மாள் என்று வைத்தார்கள். பிச்சை என்பதும் அப்படித்தான். சாவுக்குப் பயந்து, பிள்ளை பிழைக்க வேண்டும் என்று வைத்த பேர்கள் இவை. தாத்தாவுக்கு அந்தப் பேர் இருந்தால் அதற்குப் பின்னால் ஒரு தாயின் துக்கம் இருக்கிறது. அதை மதிக்கலாம். இன்று பிறக்கும் பிள்ளைக்கு அந்தக் காப்பு தேவையில்லை.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது வேண்டா, போதும்பொண்ணு என்ற பேர்கள். அடுத்தது ஆணாகப் பிறக்கட்டும் என்று பெண் பிள்ளையின் தலையில் கட்டியவை இவை. மரபு, வேண்டுதல், பாட்டி சொன்னது என்று எந்தக் காரணம் சொன்னாலும் இவற்றைத் திரும்ப வைக்கக் கூடாது. பிறந்ததே பிழை என்று ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் அந்தப் பெண்ணுக்குச் சொல்லும் பேர் அது.

மூன்றாம் வகை தனித்தமிழ்ப் பேர். 1916-ஐ ஒட்டி வேதாசலம் மறைமலை அடிகள் ஆனார். பிறகு நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். அந்த அலையில் தமிழ்ச்செல்வி, கயல்விழி, இளங்கோவன், மாறன் எல்லாம் வீடுகளுக்குள் வந்தன. இன்று பழசாகத் தெரியும் அன்பழகன் ஒரு காலத்தில் புத்தம்புதுப் பேர். அன்றும் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளித்திருப்பார்கள். பொருள் நேராகத் தெரிந்ததால் அந்தப் பேர்கள் நின்றன.

நான்காம் வகை ரமேஷ், சுரேஷ், லதா, கீதா. ஐம்பது வருடங்களுக்கு முன் இவைதான் நாகரிகம். இன்று ரமேஷ் என்றதும் நரைத்த மீசை வைத்த மாமா ஒருவர்தான் நினைவுக்கு வருகிறார். பேரில் குறை ஒன்றும் இல்லை. ஒரே காலத்தில் எல்லோரும் வைத்ததால் அந்தக் காலத்தின் முத்திரை விழுந்துவிட்டது. இன்றைய ஆத்விக், ரித்விக், தர்ஷிகா, தன்ஷிகாவுக்கும் இதுவே நடக்கும். பேரில் வருடம் தெரிவது பரவாயில்லை என்றால் தாராளமாக வைக்கலாம். தெரியக் கூடாது என்றால் பக்கத்துப் பால்வாடிக்கும் எல்.கே.ஜி. வகுப்புக்கும் போய் வருகைப் பதிவில் இருக்கும் பேர்களைக் கேளுங்கள். உங்கள் பட்டியலில் உள்ள பேரோ, கடைசி அசை ஒத்த பேரோ மூன்று நான்கு பிள்ளைகளுக்கு இருந்தால், உங்கள் பிள்ளையை வகுப்பில் இனிஷியல் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள்.

ஊர்ச்சாமிப் பேரைச் சுருக்கும் முறை

நீளம்தான் பலரைப் பயமுறுத்துகிறது. ஜலகண்டேஸ்வரர், மார்க்கபந்தீஸ்வரர் என்று முழுதாக வைக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. மூன்று இடத்தில் தேட வேண்டும்: சாமியின் பேரில், அம்மனின் பேரில், அந்தச் சாமிக்கு வழங்கும் தமிழ்ப் பேரில்.

வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் பக்கத்தில் இருப்பது அகிலாண்டேஸ்வரி. அகிலா, அகிலன், அகில் மூன்றும் அதிலேயே இருக்கின்றன. விரிஞ்சிபுரத்து அம்மன் மரகதாம்பிகை. மரகதம் என்பது பாட்டி பேராகப் பட்டால் மரகதா என்று வைக்கலாம். அங்குள்ள சாமிக்குத் தமிழில் வழித்துணைநாதர் என்று பேர். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்தும் வழித்துணை என்ற பேரை இன்னும் பலர் கையிலெடுக்கவில்லை. சோளிங்கர் அமிர்தவல்லித் தாயாரிடமிருந்து அமிர்தா, அமுதா, அமுதன். திருவலம் வில்வநாதரிடமிருந்து வில்வன். பள்ளிகொண்டா ரங்கநாதரிடமிருந்து ரங்கா, அரங்கன். படவேட்டிலிருந்து ரேணு. வள்ளிமலையிலிருந்து வள்ளி, எதையும் வெட்டாமல் அப்படியே.

செங்கம் பக்கத்தவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. சங்க காலத்தில் செங்கண்மாவை ஆண்டவன் நன்னன். இரண்டு அசை, தூய தமிழ், உள்ளூர் வேர், ஆங்கிலத்தில் எழுதவும் எளிது.

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், பேரணாம்பட்டு முஸ்லிம் குடும்பங்களிலும் இதே இழுபறி உண்டு. ஏழாம் நாள் அகீகா சடங்குக்குள் முடிவெடுக்க வேண்டியிருப்பதால் அவசரம் கூடுதல். இணையத்தில் அரபுப் பேர் என்று வரும் பலவற்றுக்கு அரபியில் வேர் இருக்காது. அரபி படித்த ஆலிமிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள். இன்னொரு முக்கியமான விஷயம், அப்துல் என்பது தனியாக நிற்கும் பேர் கிடையாது. அதற்குப் பின்னால் வரும் இறைவனின் திருப்பெயரோடு சேர்ந்தால்தான் பொருள் முழுமையாகும். படிவத்தில் அப்துல் ஒரு கட்டத்திலும் ரஹ்மான் இன்னொரு கட்டத்திலும் போய் உட்கார்ந்தால், பிறகு எல்லா இடத்திலும் பிள்ளையை வெறும் அப்துல் என்றே கூப்பிடுவார்கள். இடைவெளி விடாமல் அப்துர்ரஹ்மான் என்று ஒரே சொல்லாக எழுதிவிடுவதுதான் இதற்கு வழி.

கிறிஸ்தவக் குடும்பங்களில் ஞானஸ்நானப் பேர் ஒன்று, கூப்பிடும் பேர் ஒன்று என்று இருப்பது வழக்கம். எது பிறப்புப் பதிவேட்டில் ஏறுகிறதோ அதையே சபைப் பதிவேட்டிலும் எழுதச் சொல்லுங்கள். கல்யாணத்தின்போது இரண்டும் வேறாக இருந்தால் அலைச்சல்.

நட்சத்திர எழுத்து என்ன செய்கிறது

வாயில் நுழையாத புதுப் பேர்களுக்குப் பலர் சினிமாவைக் குறை சொல்கிறார்கள். நட்சத்திர எழுத்துக்கும் அதில் பெரிய பங்கு இருக்கிறது. 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் நான்கு பாதம், ஆக 108 பாதத்துக்கும் ஒவ்வோர் எழுத்து. அஸ்வினிக்கு சு, சே, சோ, லா. பரணிக்கு லி, லு, லே, லோ. கார்த்திகைக்கு அ, இ, உ, எ. மகத்துக்கு மா, மி, மு, மே. இவற்றில் சிலவற்றுக்குத் தமிழில் பேர் கொட்டிக்கிடக்கிறது. சிலவற்றுக்குச் சொல்லே தொடங்காது. ஆயில்யத்துக்கு டி, டு, டே, டோ. தமிழ்ச் சொல் ட-வில் தொடங்குவதில்லை. அந்த எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு தேடும்போது யாரோ எங்கோ ஒட்டவைத்த பேர்தான் கிடைக்கும். பரணி முதல் பாதத்துப் பையன்கள் லிதிஷ், லித்விக் என்று ஆவதும் இப்படித்தான்.

எழுத்து பார்க்கும் வீடாக இருந்தால் செய்ய வேண்டியது இது. ஒரு பாதம் ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஓடும். பிள்ளை பிறந்த நேரம் பாதம் மாறும் வேளைக்கு அருகில் இருந்தால், பத்து நிமிடப் பிழையே எழுத்தை மாற்றிவிடும். உறவினர் கைக்கடிகாரத்தை நம்பாமல் மருத்துவமனைக் குறிப்பில் உள்ள நேரத்தைக் கொடுங்கள். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் ஒரே நேரத்துக்கு வேறு வேறு பாதம் காட்டுவதும் உண்டு. எந்தக் கணக்கு என்று ஜோசியரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பேர் வைத்து முடித்த பிறகு இன்னொரு ஜோசியர் வேறு எழுத்துச் சொல்லி வீட்டைக் குழப்புவது இதனால்தான்.

எழுத்துக்குள்ளேயே பழைய பேர் இருக்கிறதா என்று அடுத்துப் பாருங்கள். லோ என்றால் லோகநாதன், லோகநாயகி. சே என்றால் சேரன், சேந்தன். மிருகசீரிடத்தின் வே-வுக்கு வேலன், வேணி. ரோகிணியின் வ, வி-க்கு வள்ளி, விநாயகம். ஆயில்யம் மாதிரி முட்டுச்சந்தில் நின்றால் ராசியைப் பாருங்கள். கடக ராசிக்குள் பூசமும் வருகிறது, பூசத்துக்கு ஹே உண்டு. ஆயில்யத்துப் பிள்ளைக்கு ராசிப்படி ஹேமா, ஹேமலதா என்று வைப்பதைப் பல ஜோசியர்கள் ஒப்புக்கொள்வார்கள். அதுவும் பிடிக்கவில்லையா? நட்சத்திரப் பேரை ஜென்ம நாமமாகக் காதில் மூன்று முறை சொல்லிவிட்டு, பதிவுக்கும் கூப்பிடவும் வேறு பேர் வைத்துக்கொள்ளலாம். புதிதாகக் கண்டுபிடித்த வழி இல்லை இது, பல குடும்பங்களில் வழிவழியாக நடப்பதுதான்.

பேர் சூட்டும்போது பிள்ளை நாக்கில் தேன் தடவும் வழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய பொட்டுலினம் கிருமியின் வித்துகளைச் சிசுவின் குடல் சமாளிக்காது. தொட்டில், பாட்டு, அத்தை சீர் எல்லாம் வழக்கம்போல் நடக்கட்டும்.

பொருளைச் சரிபார்ப்பது

இணையப் பட்டியல்களில் பாதிப் பேருக்கு ஒளி, தனித்துவமானவன், லட்சுமியின் அம்சம் என்ற மூன்று பொருள்தான் திரும்பத் திரும்ப வரும். பேர் வைக்கும் தளங்களில் மட்டும் பொருள் கிடைத்து, அகராதி எதிலும் சொல்லே இல்லையென்றால் அது கோத்துச் செய்த பேர். கோத்துச் செய்தது குற்றம் இல்லை. யாழினியும் சமீபத்தில் கோத்ததுதான், ஆனால் யாழ் என்ற வேர் கண்ணுக்குத் தெரிகிறது. வேரே இல்லாத பேரை வைத்துவிட்டு, பிள்ளை வளர்ந்து கேட்கும்போது இல்லாத பொருளைச் சொல்வதுதான் தவறு.

தமிழ்ச் சொல் என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியில் பாருங்கள். இணையத்தில் இலவசமாகத் தேடலாம். கவின் என்றால் அழகு என்று அதிலேயே இருக்கிறது. வடசொல் என்றால் மோனியர் வில்லியம்ஸ் அகராதியும் இணையத்தில் உண்டு. ஐந்து நிமிட வேலை, ஆனால் பல ஆச்சரியங்கள் அதில் வெளிப்படும். ரித்விக் என்பது வேள்வி செய்யும் புரோகிதரைக் குறிக்கும் சொல். தன்வி மெலிந்த உடல்வாகு கொண்டவள். அனாமிகா பேரில்லாதவள், மோதிர விரலுக்கும் அதுதான் சொல். அதிதி இன்னும் சிக்கல். தேவர்களின் தாயும் அதிதி, விருந்தாளியும் அதிதி. வடமொழியில் எழுத்து வேறு, தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். இவற்றில் எதையும் வைக்கக் கூடாது என்று சொல்லவில்லை. தெரிந்து வையுங்கள்.

தமிழிலும் இதே எச்சரிக்கை வேண்டும். அலர் என்பது அழகான, சிறிய, புதுமையான பேராகத் தோன்றும். மலர்ந்த பூ என்று பொருள் உண்டு. அகப்பாடல்களில் ஊரார் தூற்றும் வம்புப் பேச்சுக்கும் அலர் என்றுதான் பேர்.

நம் பக்கம் தெலுங்கும் உருதும் கலந்து புழங்கும் இடம். சித்தூரில் சம்பந்தம் வைத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம். மயிலா என்று ஆசையாகப் பேர் வைத்தால், தெலுங்கிலும் இந்தியிலும் மைலா என்பது அழுக்கைக் குறிக்கும் சொல்லாகக் காதில் விழும். தேர்ந்தெடுத்த பேரைத் தெலுங்கும் உருதும் பேசும் ஒருவரிடம் சொல்லிப் பார்த்துவிடுங்கள்.

கூப்பிட்டுப் பார்ப்பது

பேரைத் தாளில் பார்த்து முடிவு செய்யாமல் வாயால் சொல்லிப் பாருங்கள். தமிழில் கூப்பிடும்போது பேரின் கடைசி நீளும். முருகன் முருகா ஆவான், மாறன் மாறா, முகிலன் முகிலா. நிலா, வள்ளி, அமுதா ஆகியவை உயிரில் முடிவதால் அப்படியே நீண்டுகொடுக்கும். ஷ், க், த் என்று முடியும் பேர்கள் நீளாது. தெருமுனையில் விளையாடும் பிள்ளையைக் கூப்பிட வரும்போது, ரித்விக் ரித்விக்கூ ஆகிவிடும், நிதிஷ் நிதிஷூ ஆகிவிடும். நம் ஊர் வாய் கடைசியில் ஓர் உ-வைச் சேர்த்தே தீரும். அது பிடிக்காத பெற்றோர் உயிரில் முடியும் பேரையோ ன்-இல் முடியும் பேரையோ எடுக்கலாம்.

வீட்டில் வயதில் மூத்தவரிடம் பேரைச் சொல்லி, ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பக் கேளுங்கள். அவர் சொல்வதுதான் தெருவில் நிலைக்கப் போகும் பேர். அது உங்களுக்குச் சம்மதமென்றால் வையுங்கள்.

எழுத்தில் வரும் சிக்கல்

பின்னால் வரும் அலைச்சல்களில் பெரும்பங்கு இங்கேதான் தொடங்குகிறது. தமிழில் ஒரு த, ஆங்கிலத்தில் T, TH, D, DH என்று மூன்று நான்கு வழி. தியா என்ற இரண்டெழுத்துப் பேரைத் தடுப்பூசி அட்டையில் ஒருவர் ஒரு மாதிரி எழுதுவார், பள்ளியில் இன்னொருவர் வேறு மாதிரி எழுதுவார். ப-வுக்கு P-யா, B-யா என்பதும் அப்படியே. ழ-வை இசட்ஹெச் போட்டு எழுதினால், தமிழ்நாட்டைத் தாண்டியதும் யாழினி யாஸினி ஆகிவிடுவாள். எல் போட்டு எழுதினால் யாலினி. எது குறைந்த வருத்தமோ அதைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள்.

ஸ்ரீ சேர்ந்த பேர் என்றால் ஆங்கிலத்தில் நான்கு வகை எழுத்து புழக்கத்தில் உண்டு. கணினித் தமிழிலும் ஸ-வை வைத்து ஒரு ஸ்ரீ, ஶ-வை வைத்து இன்னொரு ஸ்ரீ என இரண்டு குறியீடு உண்டு. கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும், தேடினால் அகப்படாது. ஸ்ரீ இல்லாமல் பேர் நிற்கும் என்றால் விட்டுவிடுவதே மேல்.

செய்ய வேண்டியது: பேரை ஐந்து பேரிடம் வாயால் சொல்லி ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். வேறு ஐந்து பேரிடம் ஆங்கிலத்தில் எழுதிக் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். நான்கு பேராவது ஒரே மாதிரி எழுதி, ஒரே மாதிரி படித்தால் பேர் தேறியது. அகிலா, அமுதா, கவின், நிலா, மாறன் எளிதில் தேறும். பழைய பேரிலும் தேறாதது உண்டு. ஏழுமலைக்கு இ-யில் தொடங்கும் எழுத்தும் புழங்குகிறது, ஒய்-யில் தொடங்கும் எழுத்தும் புழங்குகிறது, நடுவில் எல்-லும் வரும் இசட்ஹெச்-சும் வரும்.

எண் கணிதம் பார்க்கும் வீடுகளில் கூட்டுத்தொகைக்காக ஒரு ஏ, ஒரு ஹெச் கூடுதலாகச் சேர்ப்பார்கள். நம்பிக்கை இருந்தால் செய்யுங்கள், ஆனால் பதிவுக்கு முன் ஒரே முறை செய்யுங்கள். பதிவான பின் சேர்த்த ஹெச், ஆதாரிலும் பள்ளியிலும் வங்கியிலும் தனித்தனியாகத் திருத்த வேண்டிய ஹெச். இயல்பாகவே இரண்டு விதமாக எழுதக்கூடிய பேரை எடுத்து, அதில் கணக்குக்கு வருவதைத் தேர்ந்தால் எழுத்தும் கெடாது.

இனிஷியலும் பாஸ்போர்ட்டும்

நமக்குக் குடும்பப் பேர் கிடையாது, அப்பா பேரின் முதலெழுத்துத்தான். தமிழில் எழுதும்போது இனிஷியலும் தமிழில் இருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. ஆகவே தமிழ் இனிஷியலோடு பேரைச் சேர்த்து, புள்ளியை மறந்து, வேகமாகப் படித்துப் பாருங்கள். அப்பா நாராயணன், மகள் யாழினி என்றால் நா.யாழினி. வகுப்பில் அதை எப்படிப் படிப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

பாஸ்போர்ட்டில் இனிஷியல் செல்லாது, விரித்து எழுத வேண்டும். அப்பாவின் முழுப் பேர் குடும்பப் பேர் கட்டத்துக்குப் போகும். அதனால் பிள்ளை பேரை அப்பா பேரோடு சேர்த்தே கேட்டுப் பாருங்கள்: கவின் கோவிந்தசாமி, நிலா ஏழுமலை. வெளிநாடு போகும் காலத்தில் பழைய பேர் இந்த வழியில் பிள்ளையோடு கூடவே வரும். பழைய பேருக்காக மன்றாடும் பெரியவர்களிடம் இதைச் சொல்லலாம், சில வீடுகளில் சமாதானம் ஆவார்கள். குடும்பப் பேர் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பேர் மட்டும் இருப்பவர்களைச் சுற்றுலா, வருகை விசாவில் விடுவதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. இரண்டாம் பக்கத்தில் அப்பா பேரோ குடும்பப் பேரோ இருந்தால் ஏற்பார்கள் என்று பிறகு விளக்கம் வந்தது. வளைகுடாவுக்கு ஆள் போகும் நம் ஊர்களில் இது நேரடியாகப் பாதிக்கும் விஷயம்.

தாத்தா பேர் தகராறு

மாமனார் பேரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்ற வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அந்தப் பேரைப் பிள்ளைக்கு வைத்தால், அம்மாவே தன் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட முடியாது. கடைசியில் ராஜா, கண்ணு, குட்டி என்று செல்லப்பேர்தான் நிலைக்கும். பெரியவர்களிடம் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

சாமி அதே, பேர் வேறு என்பது நல்ல நடுவழி. தாத்தா சண்முகம் என்றால் பேரன் சரவணன் அல்லது குமரன். தாத்தா கோவிந்தசாமி என்றால் மாதவன், முகுந்தன். பாட்டி அலமேலு என்றால் மங்கை, பத்மா. பேரைப் பாதியாக வெட்டுவது எப்போதும் சரிவராது. கோவிந்த் நிற்கும், முனுசாமியை வெட்டினால் எதுவும் மிஞ்சாது. முதல் பேர் பிள்ளைக்கு, இரண்டாம் பேர் தாத்தாவுக்கு என்று இரட்டைப் பேர் வைத்தால் இரண்டையும் ஒரே கட்டத்தில், ஒரே வரிசையில் எல்லா ஆவணத்திலும் எழுத வேண்டும். ஓரிடத்தில் இரண்டாம் பேர் விடுபட்டால் அது வேறு ஆள்.

பதிவு செய்யும் நேரம்

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். மருத்துவமனையில் பிறந்தால் அவர்களே தகவல் அனுப்பிவிடுவார்கள். பேர் முடிவாகவில்லை என்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் அவசரத்தில் வாய்க்கு வந்த பேரைச் சொல்வதுதான் பலரும் செய்யும் பிழை. பேர் இல்லாமல் பதிந்தால், பதிவு நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பேரைச் சேர்க்கலாம். அதற்குப் பின் தாமதக் கட்டணம் கட்டி 15 வருடம் வரை சேர்க்கலாம். எங்கள் யோசனை: முப்பதாம் நாளுக்குள் பேர் சூட்டி, இரண்டு மூன்று மாதம் கூப்பிட்டுப் பழகிவிட்டுப் பேரைப் பதிவில் சேருங்கள். கூப்பிட வராத பேர் அதற்குள் தெரிந்துவிடும்.

எங்கே பதிவது என்பதில் பலர் அலைகிறார்கள். பிள்ளை பிறந்த ஊரின் பதிவேட்டில்தான் சேர்க்க வேண்டும். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால், பெற்றோர் ராணிப்பேட்டையில் இருந்தாலும் பிள்ளை குடியாத்தத்தில் பிறந்தால் குடியாத்தத்துக்கே போக வேண்டும். சித்தூரிலிருந்து வேலூருக்கு வந்து பெற்றுக்கொண்டவர்களுக்கு வேலூர்தான். பெற்றோர் இருவர் ஆதார், பழைய சான்றிதழ், கையெழுத்திட்ட விண்ணப்பம் ஆகியவற்றோடு போங்கள். பேரைத் தமிழிலும் ஆங்கிலப் பெரிய எழுத்திலும் ஒரு தாளில் தெளிவாக எழுதிக் கொடுங்கள், வாயால் சொல்ல வேண்டாம். கணினியில் ஏற்றியதும் அச்சடிப்பதற்கு முன் திரையில் காட்டச் சொல்லிப் படியுங்கள். பிள்ளை பேரைவிட அப்பா அம்மா பேரில்தான் பிழை அதிகம் விழும். கர்ப்பத்தைப் பதியும்போது தரும் பிக்மி எண்ணுக்குக் கொடுத்த அம்மா பேரும் ஆதாரில் உள்ள பேரும் ஒன்றா என்று பிரசவத்துக்கு முன்பே பார்த்து வைத்தால் பாதி வேலை முடிந்தது.

2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். அதில் விழுந்த எழுத்துத்தான் மற்ற எல்லாவற்றுக்கும் மூலம். சான்றிதழ் சரியான பின்பே ஆதாருக்குப் போங்கள்.

ஏற்கெனவே பிழை விழுந்திருந்தால்

எழுத்துப் பிழை என்றால் பதிவாளரிடமே ஆதாரம் காட்டித் திருத்தலாம். பேரையே மாற்ற வேண்டும் என்றால் பதிவாளரால் முடியாது. எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறைக்கு விண்ணப்பித்து அரசிதழில், அதாவது கெஜட்டில், வெளியிட வேண்டும். பதினெட்டு வயதுக்குள் என்றால் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். ஆவணங்களுக்குள் பேர் மாறி மாறி இருந்தால், பிறப்புச் சான்றிதழில் உள்ளதை மூலமாக வைத்து முதலில் ஆதாரைத் திருத்துங்கள், பிறகு எமிஸ் என்ற பள்ளி மாணவர் விவரப் பதிவைத் திருத்துங்கள். பிள்ளை ஒன்பதாம் வகுப்பு முடிப்பதற்குள் இதைச் செய்துவிட வேண்டும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியல் எமிஸிலிருந்துதான் போகிறது. மதிப்பெண் பட்டியல் அச்சாகி வந்த பின் ஒரு எழுத்தை மாற்ற, பள்ளி தலைமை ஆசிரியரில் தொடங்கி தேர்வுத்துறை வரை கடிதம் போக வேண்டியிருக்கும்.